இருக்கைப் பணம் வேறு, நன்கொடை வேறு: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்குப் பணம் அனுப்பும் நம்மவர்களுக்கு

சிங்கப்பூரில் வாழும் அமெரிக்கக் குடிமக்களுக்கு வருமான வரிக் கணக்கு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அலுவலகம். என்னிடம் வருகிறவர்களில் பலர் தமிழர்கள். டெக்சஸிலோ ஒஹையோவிலோ படித்து, அங்கேயே சில காலம் வேலை பார்த்து, குடியுரிமை வாங்கிக்கொண்டு, பிறகு இந்த ஊருக்கு வந்தவர்கள். கடவுச்சீட்டு அமெரிக்காவுடையது என்பதால் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்டியாக வேண்டும். அவர்கள் கொண்டுவரும் காகிதக் கட்டில், படித்த பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நிதிக்குக் கட்டிய ரசீது அடிக்கடி இருக்கும். “அக்கா, இது நன்கொடைதானே? வருமானத்திலிருந்து முழுசாகக் கழித்துக்கொள்ளலாம்தானே?” என்பார்கள்.

பெரும்பாலும் முடியாது. ஆனால் அந்த ரசீதுக்குள் கழிக்கக்கூடிய ஒரு பகுதி இருக்கலாம். இல்லாவிட்டால், அடுத்த ஆண்டு அப்படி ஒரு பகுதி இருக்கும்படி பணத்தைக் கட்டலாம். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. என் அண்ணன் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தடை ஓட்டக்காரி. அவளுடைய உதவித்தொகை இப்படிப்பட்ட ஒரு நிதியிலிருந்துதான் வருகிறது. தடை ஓட்டத்தைப் பார்க்க யாரும் அரங்கம் நிறைய டிக்கெட் வாங்குவதில்லை. காற்பந்து இருக்கைக்காகக் கொடுக்கப்படும் பணம்தான் சுற்றிவந்து அவளைப் போன்ற பிள்ளைகளுக்குச் சேர்கிறது.

முதலில், இருக்கைப் பணம் என்றால் என்ன என்று பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரிகளின் காற்பந்து (நாம் ஜாலான் புசாரில் பார்க்கிற காற்பந்து அல்ல, அவர்களுடைய முட்டைப் பந்து) பெரிய வியாபாரம். பெயர்பெற்ற அணிகளின் அரங்கத்தில் நல்ல இடத்தில் உட்கார வேண்டுமென்றால் டிக்கெட் விலை மட்டும் போதாது. ஓர் இருக்கைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் விளையாட்டு நிதிக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தால்தான் அந்த இடத்தில் சீசன் டிக்கெட் வாங்கும் உரிமையே கிடைக்கும். டிக்கெட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ரசீதில் அந்த முதல் தொகைக்கு ‘டொனேஷன்’ என்று பெயர் இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1984இல் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ், நல்ல இருக்கைக்கான உரிமை கிடைத்தால் அந்தப் பணத்தை முழு நன்கொடையாகக் கருத முடியாது என்று சொன்னது. கல்லூரிகள் கொதித்தன. 1986ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் இரண்டே பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் பொருந்தும்படி ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. ஒன்று ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், மற்றொன்று லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1988இல் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே விதி வந்தது: இருக்கை உரிமைக்காகக் கொடுத்த தொகையில் 80 விழுக்காட்டை நன்கொடையாகக் கழித்துக்கொள்ளலாம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடியது.

அந்த ஆஸ்டின் பல்கலைக்கழகத்தின் குளத்தில்தான் நம் ஜோசஃப் ஸ்கூலிங் நீந்தினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.39 வினாடியில் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தபோது அவர் அங்கே மாணவர். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று யாராவது சொன்னால் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

2017 டிசம்பர் 22 அன்று கையெழுத்தான வரிச் சட்டம் அந்த 80 விழுக்காட்டைப் பூஜ்யம் ஆக்கியது. 2018 முதல், டிக்கெட் வாங்கும் உரிமையோ இருக்கையோ கிடைக்கும்படி கல்லூரிக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கழிவே இல்லை. சட்டம் கையெழுத்தான அந்தக் கடைசி வாரங்களில் பல பல்கலைக்கழகங்கள், “2018க்கான தொகையை டிசம்பர் 31க்குள் கட்டிவிடுங்கள்” என்று கொடையாளர்களுக்கு அவசர அவசரமாக எழுதின.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். டிக்கெட் விலை 1,000 டாலர், இருக்கைப் பணம் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2017இல் 28 விழுக்காட்டு வரிப் படியில் இருந்து, செலவுகளைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டுகிறவருக்கு 1,600 டாலர் கழிவு கிடைத்தது, அதாவது 448 டாலர் வரி மிச்சம். டிக்கெட்டின் 1,000 டாலருக்கு அன்றும் கழிவு கிடையாது. இன்று இரண்டுக்கும் கிடையாது. அதே இருக்கை, அதே 3,000 டாலர், ஆனால் உண்மையில் கையை விட்டுப் போவது 448 டாலர் கூடுதல்.

ரசீதை எப்படிப் படிப்பது

ரசீதை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைக் கட்டியதால் எனக்கு என்ன வந்தது?

டிக்கெட் விலை என்றால் கழிவு இல்லை. இருக்கைக்கான நன்கொடை என்றால், அதற்கு எந்தப் பெயர் வைத்திருந்தாலும் கழிவு இல்லை. கார் நிறுத்துமிடமோ போட்டிக்கு முன்னால் நடக்கும் விருந்தோ கிடைத்தால், அதன் சந்தை மதிப்பைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், உதவித்தொகை நிதிக்கு என்றோ கட்டட நிதிக்கு என்றோ தனியாக ஒரு தொகை இருந்தால் அதுதான் நன்கொடை.

பிரித்துக் காட்டாமல் மொத்தமாக ஒரே தொகை போட்டு வரும் ரசீதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். 75 டாலருக்கு மேல் கொடுத்து, பதிலுக்கு ஏதாவது கிடைத்தால், அதன் மதிப்பு எவ்வளவு என்று எழுத்தில் தெரிவிப்பது அந்த அமைப்பின் கடமை. ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால், பதிலுக்கு எதுவும் தரவில்லை அல்லது இன்னது தந்தோம் என்று சொல்லும் எழுத்துச் சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை மட்டும் போதாது.

“அக்கா, நான் ஒரு போட்டிக்கும் போகவே இல்லையே. இங்கே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து தொலைக்காட்சியில்தானே பார்க்கிறேன்” என்று டெக்சஸில் படித்த ஒரு தம்பி வாதாடுவார். நியாயமான ஆதங்கம், ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உரிமை கிடைத்ததா என்பதுதான் கேள்வி, பயன்படுத்தினீர்களா என்பது அல்ல. டல்லஸில் இருக்கும் அம்மா அப்பா போய் உட்கார்ந்தாலும் அப்படித்தான். இருக்கை வேண்டாம் என்றால் பணம் கட்டும்போதே எழுத்தில் மறுத்துவிட வேண்டும். சீசன் முடிந்த பிறகு “நான் போகவில்லை” என்று சொல்வது மறுப்பு ஆகாது.

நிதி அலுவலகத்துக்கு நான் எழுதச் சொல்லும் கடிதம் சின்னதுதான். “இந்த ஆண்டு நான் கொடுக்கும் தொகையில் டிக்கெட்டுக்கு எவ்வளவு, இருக்கை உரிமைக்கு எவ்வளவு, எந்த உரிமையும் சேராத நன்கொடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும். நன்கொடைப் பகுதி பெண்கள் தடகள உதவித்தொகைக்கு மட்டும் போக வேண்டும். அதற்காக எனக்கு இருக்கையோ டிக்கெட் முன்னுரிமையோ வேண்டாம்.” இதில் தடகளம் என்பது என் சார்பு, உங்களுக்கு நீச்சலோ டென்னிஸோ பிடித்தால் அதை எழுதுங்கள். ஆனால் எந்த விளையாட்டு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பொதுவான விளையாட்டு நிதிக்குப் போனால் அது எங்கே செலவாகும் என்று தீர்மானிப்பது அவர்கள்தான்.

‘பிரையாரிட்டி பாயிண்ட்’ பற்றி ஒரு வார்த்தை. பல பல்கலைக்கழகங்கள் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் புள்ளி போட்டு, புள்ளி அதிகம் உள்ளவருக்கு முதலில் இருக்கை தேர்ந்தெடுக்க விடும். உங்கள் ‘சுத்தமான’ நன்கொடைக்கும் புள்ளி சேர்கிறதா, சேர்ந்தால் அதற்குக் கழிவு உண்டு என்று பல்கலைக்கழகம் எழுத்தில் சொல்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்வது வேண்டாம்.

எந்தப் பையிலிருந்து கட்டக் கூடாது

நன்கொடையாளர் ஆலோசனை நிதி, அதாவது ‘டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்’ (பணத்தை முதலில் போட்டுவைத்து, எந்தத் தொண்டுக்குப் போக வேண்டும் என்று பிறகு சொல்லும் கணக்கு), வைத்திருப்பவர்கள் அதிலிருந்து இருக்கைப் பணத்தைக் கட்டாதீர்கள். அங்கே பணம் போட்டபோதே கழிவு வாங்கிவிட்டீர்கள். அதை வைத்து உங்களுக்கு ஓர் உரிமை வாங்குவது விதிமீறல், அபராதம் வரை போகும். எழுபதரை வயது தாண்டிய பெற்றோர், ஓய்வூதியக் கணக்கான ஐஆர்ஏவிலிருந்து நேராகத் தொண்டுக்கு அனுப்பும் சலுகையும் அப்படியே. பதிலுக்கு எதுவும் வராத நன்கொடைக்குத்தான் அது. இருக்கை உரிமை ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தச் சலுகை கெட்டுவிடும்.

நிறுவனத்தின் பெயரில் அரங்கத்தில் தனியறை எடுத்து வாடிக்கையாளர்களை அழைத்துப் போகிறவர்களும் உண்டு. 2018க்கு முன் அந்தக் கேளிக்கைச் செலவில் ஒரு பகுதியைக் கழிக்கலாம். அதே 2017 சட்டம் அதையும் எடுத்துவிட்டது. கல்லூரிகளுக்கு இருக்கைப் பணத்தில் விழுந்த அடியோடு இதுவும் சேர்ந்தது.

வீரர்களுக்குப் பணம் திரட்டிக் கொடுக்கும் ‘கலெக்டிவ்’ குழுக்கள் தங்களைத் தொண்டு நிறுவனம் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு கேட்டால் நிதானியுங்கள். அவற்றில் பலவற்றுக்கு வரிவிலக்குத் தகுதி இருக்காது என்று ஐஆர்எஸ்ஸின் சட்டப் பிரிவு 2023 மே மாதக் குறிப்பில் எழுதியது. வீரர்களுக்குத் தனிப்பட்ட ஆதாயம் செய்துதருவதே அவற்றின் முக்கிய வேலையாக இருக்கிறது என்பதுதான் காரணம்.

2026 முதல் மாறியிருப்பவை

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இருக்கைப் பணத்துக்குக் கழிவைத் திருப்பித் தரவில்லை. ஆனால் உண்மையான நன்கொடைக்கான கணக்கை மாற்றியிருக்கிறது. இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

2018க்கு முன் பத்தில் மூன்று பேர் அளவுக்குச் செலவுகளைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டினார்கள். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாதவர்கள் கழித்துக்கொள்ளும் நிலையான தொகை) ஏறக்குறைய இரண்டு மடங்கானதும் அது பத்தில் ஒருவர் அளவுக்குச் சுருங்கியது. 2026க்கு அந்தத் தொகை தனியாருக்கு 16,100 டாலர், தம்பதிக்கு 32,200 டாலர். சிங்கப்பூரில் இருப்பவருக்குப் பொதுவாக அமெரிக்க மாநில வரி கிடையாது, இங்குள்ள வீட்டுச் சொத்து வரியையும் அங்கே கழிக்க முடியாது. பெரிய கொண்டோ கடன் வட்டி இருந்தாலொழிய 32,200ஐத் தாண்டுவது கஷ்டம். ஆகவே 2018க்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான நன்கொடைக்குக்கூட ஒரு காசும் மிச்சமாகவில்லை.

2026 முதல் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களும் பணமாகக் கொடுக்கும் நன்கொடையில் தனியாருக்கு 1,000 டாலர், தம்பதிக்கு 2,000 டாலர் வரை கூடுதலாகக் கழிக்கலாம். ஆலோசனை நிதிக்குக் கொடுத்தால் இது கிடைக்காது, நேராகக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை நிதிக்குக் கொடுப்பது இதில் சரியாகப் பொருந்தும். இருக்கைப் பணத்தில் ஓர் இருக்கையைக் குறைத்து, அந்த 1,000 டாலரை உதவித்தொகைக்கு மாற்றச் சொல்லிப் பலரிடம் வற்புறுத்தி வருகிறேன்.

தனித்தனியாகக் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறைந்தபட்ச வரம்பு வந்திருக்கிறது. சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் அரை விழுக்காட்டைத் தாண்டும் நன்கொடைக்குத்தான் கழிவு. வருமானம் 200,000 டாலர் என்றால் முதல் 1,000 டாலருக்கு ஒன்றும் இல்லை. 5,000 கொடுத்தால் 4,000 கழியும். மேல் வரிப் படியான 37 விழுக்காட்டில் இருப்பவருக்குப் பலன் 35 விழுக்காட்டோடு நின்றுவிடும். இதனால் இரண்டு ஆண்டு நன்கொடையை ஒரே ஆண்டில் சேர்த்துக் கொடுப்பது இவர்களுக்கு லாபம், அரை விழுக்காட்டு வரம்பை ஒரு தடவைதான் தாண்ட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுச் சம்பள விலக்கு எடுத்து அமெரிக்க வரியே பூஜ்யம் ஆகிறவர்கள் இதையெல்லாம் படித்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கட்ட வரி இல்லாதபோது கழிவால் மிச்சமாவதும் இல்லை. 2026க்கு அந்த விலக்கு 132,900 டாலர். மனசுக்குப் பிடித்தால் கொடுங்கள், அவ்வளவுதான்.

பணம் எங்கே போகிறது என்பதையும் தெரிந்து கொடுங்கள். 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, கல்லூரிகள் இப்போது வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர். அதில் பெரும்பங்கு காற்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகும். கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே கலைத்தது. இந்த உடன்பாட்டால் வரும் செலவையும் காரணமாகச் சொன்னது. இன்னொரு ஸ்கூலிங் எங்கே போய் நீந்துவான் என்று எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. விளையாட்டின் பெயர் சொல்லிக் கொடுக்கச் சொன்னது இதனால்தான்.

சிங்கப்பூர்ப் பக்கம்

குடும்பத்தில் யாராவது, “நான் சிங்கப்பூர்க் குடிமகன், அமெரிக்காவில் படிக்கிற பேத்தியின் கல்லூரிக்குக் கொடுத்தால் ஐராஸில் கழிக்கலாமா?” என்று கேட்பார்கள். ஐராஸ் என்பது சிங்கப்பூர் வரித்துறை. முடியாது. இங்கே ஐபிசி தகுதி, அதாவது வரிக்கழிவுக்குரிய நன்கொடை வாங்க அரசு அங்கீகாரம், உள்ள அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் கழிவு. 2026 இறுதி வரை கொடுக்கும் தொகைக்கு அந்தக் கழிவு 250 விழுக்காடு. 1,000 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 2,500 வெள்ளி குறையும். 15 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 375 வெள்ளி மிச்சம். பயன்படாமல் மீந்த கழிவை ஐந்து ஆண்டு வரை முன்னே கொண்டுபோகலாம். அமைப்பிடம் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் ஐராஸ் கணக்கில் தானாக ஏறிவிடும்.

விளையாட்டுக்குத்தான் கொடுக்க ஆசை என்றால் ஒன் டீம் சிங்கப்பூர் ஃபண்ட் இருக்கிறது, நம் தேசிய விளையாட்டாளர்களுக்கானது. நீங்கள் கொடுக்கும் தொகைக்கு ஈடாக அரசும் போடும்படி அமைத்த நிதி அது. என்யுஎஸ், என்டியு போன்ற பல்கலைக்கழகங்களுக்கும் கொடுக்கலாம். சாந்தி பெரேரா எஸ்எம்யுவில் படித்துக்கொண்டே ஓடியவர் என்பது நினைவிருக்கும்.

பதிலுக்கு ஏதாவது கிடைத்தால் இங்கேயும் குறையும். நிதி திரட்டும் விருந்துக்கு 500 வெள்ளி கொடுத்து, சாப்பாட்டின் மதிப்பு 100 வெள்ளி என்றால் 400க்குத்தான் கழிவு. அமெரிக்காவில் இருக்கைப் பணத்துக்குச் செய்வதுபோல முழுவதையும் மறுப்பதில்லை. என் பார்வையில் இதுதான் நேர்மையான முறை. கிடைத்ததன் விலையைக் கழித்துவிட்டு, கொடுத்ததை மதிப்பது.

அமெரிக்கக் குடியுரிமையோடு இங்கே வரி கட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஐபிசி நன்கொடை அமெரிக்கக் கணக்கில் கழியாது. இங்கே கட்டிய வரியை அங்கே வரவு வைப்பவராக இருந்தால், இங்கே மிச்சமான 375 வெள்ளியில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அங்கே கூடுதலாகக் கட்ட வேண்டி வரலாம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே எங்கே கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

தேதிகள்

இரண்டு நாட்டுக்கும் நாள்காட்டி ஆண்டுதான் கணக்கு. கடன் அட்டையில் கட்டினால், டிசம்பர் 31க்குள் அட்டையில் ஏறினால் போதும், பில்லை ஜனவரியில் கட்டலாம். வங்கி வழியாக அனுப்புகிறவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள், விடுமுறையில் பணம் நடுவழியில் நின்றுவிடும்.

அடுத்தது ரசீது. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு அமெரிக்கக் கணக்கு அனுப்ப ஜூன் 15 வரை தானாகவே நேரம் உண்டு. ஆனால் வரி பாக்கி இருந்தால் ஏப்ரல் 15இலிருந்தே வட்டி ஓடும். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்த நன்கொடைக்கான எழுத்துச் சான்று, கணக்கை அனுப்பும் நாளுக்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். பின்னால் வாங்கி வைத்தால் செல்லாது. ஜனவரி கடைசிக்குள் வரவில்லை என்றால் நிதி அலுவலகத்துக்கு நினைவூட்டல் போடுங்கள். பிரித்துக் காட்டாமல் அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். அது வந்த பிறகு என்னிடமோ உங்கள் கணக்காளரிடமோ காகிதங்களைக் கொண்டுவாருங்கள்.